ஒரு விரல் கூடுதல்

குடியை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது குடிக்காதவர்களின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. கட்டிங் மாஸ்டரும் அதை நம்பித்தான் விட்டார். விட்ட பிறகுதான் தெரிந்தது, பாட்டிலுக்குப் பின்னால் இத்தனை வருஷமாக இன்னொரு ஆள் ஒளிந்துகொண்டிருந்தான் என்று. அந்த ஆளுக்குப் பாத்ரூம் கதவைச் சாத்தினால் பயம். திறந்து வைத்தால் இன்னும் பயம். போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள். அடிக்காவிட்டால், சொல்வதற்கு ஆளில்லாமல் எல்லோருமே செத்துவிட்டார்கள்.

காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சாக்ஸை மாட்டுவார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை மாட்டினால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் கடை வந்துவிடும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் மனைவி, "அந்தக் காலும் உங்களோடதுதாங்க" என்பாள். முன்பெல்லாம் இதற்கு அவர் பதிலுக்கு ஒன்று சொல்லி வீட்டையே சிரிக்க வைத்திருப்பார். இப்போது தலையாட்டிவிட்டு மாட்டிக்கொள்வார்.

கடை என்றால் சீருடைக் கடை. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு, ஓட்டல்களுக்குச் சமையல் சட்டை, வாசலில் நிற்கிற காவல்காரர்களுக்கு நீலக் கால்சட்டை. முன்பக்கம் கண்ணாடிக்குள் தலையில்லாத ஒரு பொம்மை, எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் வாரம் ஒரு உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கும். உள்ளே நடுக்கூடத்தில் நீளமான கட்டிங் டேபிள். மாஸ்டரின் வயிறு உரசி உரசி அதன் ஒரு விளிம்பு மட்டும் பளபளவென்றிருக்கும். சுவரோரம் தையல் மெஷின்கள் வரிசை. ஜன்னலை ஒட்டியது மனைவியுடையது; மாஸ்டர் வெட்டுவதைத் தைப்பது அவள்தான். வீட்டில் ஒன்றாக இருந்தது போதாதென்று கடையிலும் ஒன்றாக இருந்தார்கள். வீட்டில் பேசாததைக் கடையிலும் பேசாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

அவருக்குக் கடையில் 'கண்ணளவு' என்று பட்டப்பெயர். டேப் எடுக்காமல், கடைக்குள் நுழையும் ஆளைப் பார்த்தே மார்புச் சுற்றளவைச் சொல்லிவிடுவார். சொன்னது சரியா என்று பின்னால் டேப் வைத்துப் பார்த்து முதலாளியம்மா வாடிக்கையாளரிடம் பெருமையடிப்பார். அந்த நாட்களில் மாஸ்டர் மதியமே ஒரு சுற்று போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். சாக்பீஸ் கோடு பேருக்குத்தான். கத்தரி அதன் பாட்டுக்கு ஓடும். வாயும் அதன் பாட்டுக்குக் கதை சொல்லும். மெஷின்கள் சிரிப்பில் நின்று நின்று ஓடும்.

அந்தக் கதையின் மறுபக்கம் அவ்வளவு சிரிப்பாக இல்லை. மகள் பரிசு வாங்கிய பள்ளி மேடையின் அடியிலேயே விழுந்து கிடந்தார். சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டுத் தூங்கி, பின்னறை புகைந்து, மனைவியின் முழங்கையில் ஒரு தழும்பு மிச்சமானது. கடைசியில் ஒருநாள் வெள்ளைத் துணியின் மேலேயே ரத்தமாக வாந்தியெடுத்தார். அன்றோடு நின்றது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மனநல டாக்டரம்மா ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். முதல் நாள் அவர் பேசியது எதுவும் மாஸ்டரின் காதில் விழவில்லை. கண் டாக்டரம்மா போட்டிருந்த வெள்ளைக் கோட்டிலேயே இருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கை, மணிக்கட்டில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. தன் கை வெட்டியது. நல்ல போதையில் வெட்டியது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா சொன்னார்: "குடி உங்க கையைத்தான் முதல்ல கெடுக்கும் மாஸ்டர்."

மாஸ்டர் மரியாதைக்காகத் தலையாட்டினார். உள்ளுக்குள் ஒரு முடிவு விழுந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை: கத்தரியைப் பிடித்திருந்தது நான் இல்லை, குடிதான்.

இந்த நினைப்போடுதான் அவர் மறுபடியும் வேலைக்கு வந்தார். வெள்ளைத் துணியை விரித்தார். அளந்தார். கோடு போட்டார். மறுபடி அளந்தார். சரியாகத்தான் இருந்தது. கத்தரியை எடுத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது. குறைவாக வெட்டிவிட்டால் துணி வளராது. கூடுதலாக வெட்டினால் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் இதில் தப்பொன்றும் இல்லை. தன் சுட்டுவிரலைக் கோட்டுக்கு வெளியே வைத்து, அந்த விரலைத் தாண்டி இன்னொரு கோடு போட்டார். நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. அந்த வெளிக்கோட்டில் வெட்டினார். தையலுக்குள் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது?

அன்றிலிருந்து ஒரு விரல் கூடுதல் வழக்கமாகிவிட்டது. பயம் அதிகமான நாட்களில் ஒன்றரை விரல்.

யாருக்கும் தெரியவும் இல்லை. கோட்டுகள் போயின, கச்சிதமாக இருப்பதாகத் தகவல் வந்தது. முதலாளியம்மா, "கண்ணளவு கண்ணளவுதான்" என்றார். மாஸ்டருக்கு அதைக் கேட்டபோது, பிடிபடாத திருடனை ஊரார் மெச்சினால் அவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வாராவாரம், குடியை விட்டவர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போவார். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரிய ஆட்கள். அங்கே பழக்கமானவர் ஒரு டாக்ஸி டிரைவர். வாய் ஓயாததால் எல்லோரும் அவரை 'ரேடியோ' என்பார்கள்.

"மாஸ்டர், எனக்கு சிக்னல்ல சிவப்பு விழுந்தா நிம்மதியா இருக்கு. பச்சை விழுந்தா உடம்பு நடுங்குது. பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிச்சுத் தொலைக்கிறான்" என்றார் ரேடியோ.

"முன்னாடி?"

"முன்னாடி எது சிவப்பு எது பச்சைன்னே தெரியாது. சந்தோஷமா போயிட்டு இருந்தேன். ரெண்டு பேர் மேல ஏத்தப் பார்த்தேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்ததால் இருமல் மாதிரி இருந்தது.

வீட்டில் அந்தச் சிரிப்புக்கு ஆளில்லை. மகள் ஒருநாள் வாய்தவறி, "அப்பா முன்னாடி எவ்வளவு தமாஷா பேசுவாருல்ல?" என்று கேட்டுவிட்டாள். மனைவி அவளை முறைத்தாள். அந்த முறைப்பில் பாதி, தானும் அதையே நினைத்ததற்கு. தூங்காத மனுஷரைத் தொந்தரவு செய்யக்கூடாது, மனசு நோகப் பேசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் வீடு முழுக்க எல்லோரும் குதிகாலைத் தூக்கி நடந்தார்கள். பருத்துக்கொண்டு போனது ஒன்றே ஒன்றுதான், அவருடைய தலையணை. "பஞ்சு இறங்கிடுச்சு, கொஞ்சம் அடைச்சிருக்கேன்" என்று மனைவி அவ்வப்போது அதைத் தைத்து வைப்பாள். மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் அதன் மேல் தலையைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

மனைவியின் தங்கைக்குப் பிரசவம் வந்தது. துணைக்கு ஆளில்லை என்று மனைவி லீவு போட்டுவிட்டுப் போனாள். மாஸ்டர் வெட்டியதை அந்த நாட்களில் தைத்தது, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். கடையில் அவள் பெயரே 'புதுசு'தான்.

மனைவி திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்த வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. முதலாளியம்மா ஒரு கோட்டை எடுத்துத் தன் மேல் போட்டுக்காட்டினார். அவரே கொஞ்சம் பருமனான ஆள். அவரைப்போல் பாதியாள் இன்னும் உள்ளே போகலாம் போலிருந்தது.

"அப்பா கோட்டைப் போட்டுட்டு வந்த பிள்ளைங்க மாதிரி டாக்டருங்க நிக்கிறாங்களாம். நோயாளிங்க சிரிக்கிறாங்களாம். என்ன மாஸ்டர் இது?"

மாஸ்டருக்குக் காது அடைத்தது. ஆனால் பயந்தவனின் கோபம் பெரிய கோபம். "என் கட்டிங்ல தப்பு சொல்லாதீங்க. நான் திரும்பி வந்து இத்தனை மாசத்துல ஒரு கோட்டு திரும்பி வந்திருக்கா? அவளைக் கேளுங்க, அவதானே தைக்கிறா!"

மனைவி மெஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள். தலை நிமிராமல், "வரல" என்றாள்.

"அப்ப தையல்லதான் கோளாறு" என்று முதலாளியம்மா புதுசு பக்கம் திரும்பினார்.

புதுசுக்கு அழுகை முட்டியது. "நான் அவர் வெட்டினபடியே தச்சேம்மா. அக்கா மாதிரி ஒவ்வொண்ணா மறுபடி வெட்டிக் குறைச்சிட்டு..." என்றவள், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லா மெஷினும் நின்றிருந்தன. வரிசையில் ஒவ்வொருவரும் தங்கள் ஊசியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கத்தரியை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்து வீட்டுக்கு நடந்தார்.

பட்டப்பகல். வீட்டில் யாருமில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். தலையணைக்கடியில் கையைக் கொடுத்துக் குப்புறப் படுத்தபோது விரல்கள் நின்றன. பஞ்சு இப்படி இருக்காது. உறைக்கு மேலிருந்தே தடவிப் பார்த்தார். துணியைத் தொட்டுப் பிழைத்த விரல். சவர பிளேடால் தையலைப் பிரித்தார்.

வெள்ளை வெள்ளையாகத் துணி நாடாக்கள் கொட்டின. நடுநடுவே ஓட்டல் சட்டையின் சாம்பல் நிறம், காவல்காரரின் நீலம். எல்லாம் ஒரு விரல் அகலம். சில ஒன்றரை. கடைக் குப்பையில் போட்டால் முதலாளியம்மா கண்ணில் படும் என்று, சாப்பாட்டுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து இதற்குள் அடைத்திருக்கிறாள். இது கைத்துண்டு, இது பக்கவாட்டு, இது முதுகு என்று அவரால் சொல்ல முடிந்தது. ஓரம் அலையடித்திருந்த துண்டுகளில், அது எந்த மாதிரியான நாள் என்பதுகூடத் தெரிந்தது. அவருடைய பயம் முழுவதையும் நீளவாக்கில் நறுக்கி அவர் தலைக்கே வைத்திருக்கிறாள்.

எழுந்து வெளியே போனார். எங்கே போகிறோம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது.

பாருக்குள் பகலிலும் இருட்டு. பரிமாறுபவர் அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "மாஸ்டர்! எங்க ஆளையே காணோம்? உங்க சீட்ல ஈயைக்கூட உக்கார விடல நான்!" நிஜமான பாசம். இத்தனை மாதங்களில் அவரைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது இங்கேதான். கேட்காமலே கிளாஸ் வந்தது. ஒரு வாய் போட்டால் பழைய கை வந்துவிடும். முதலாளியம்மா முன்னால் டேப் இல்லாமல் வெட்டிக் காட்டலாம். புதுசுகூட வாயைப் பிளப்பாள். கிளாஸைத் தொட்டார். தொட்டதுமே விரல் நடுக்கம் நின்றதுபோல்கூட இருந்தது.

அப்போது திடீரென்று நினைவு வந்தது: கட்டில் மேல் அத்தனையும் இறைந்து கிடக்கிறது. கதவைப் பூட்டினோமா? மகள் முதலில் வந்து பார்த்தால்? மனைவி வந்து பார்த்தால்? தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. எல்லாவற்றையும் திரும்ப அடைத்துத் தைத்துவிட வேண்டும், அவள் தைத்த மாதிரியே. நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்தது, வழக்கமான அதே சனியன். அவர் எழுந்து, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார். மாதக்கணக்கில் அவரை உருட்டிய பயம், முதல் தடவையாக ஒரு உருப்படியான காரியம் செய்தது.

மனைவி முந்திக்கொண்டிருந்தாள். நாடாக்களுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனீங்க?"

பொய் தயாராக இல்லை. "அங்கதான்."

அவள் பக்கத்தில் வரவில்லை. இத்தனை வருஷமும் வாசலிலேயே முகத்துக்கருகே வந்து மோந்து பார்க்கிறவள்.

"மோந்து பாக்கலையா?" என்று கேட்டார்.

"தைரியமில்லங்க."

"குடிக்கல."

"சரி."

"குடிச்சா கை நிக்கும்னு போனேன். அதுதான் வெட்டுச்சு, நான் இல்ல. குடிச்சப்ப நான் வெட்டினதுல ஒரு நூல் பிசகியிருக்கா? நீயே சொல்லு!"

அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத ஒரு சிரிப்பு.

"ஒரு நூலா? அப்ப குறைவா வெட்டுவீங்க. கைய ஆட்டிக் கதை சொல்லிக்கிட்டே கோட்டுக்கு உள்ள போயிடுவீங்க. கண்ணளவாம் கண்ணளவு! இல்லாத துணிக்கு நான் எங்க போவேன்? கீழ விழுந்த துண்டப் பொறுக்கி, அக்குள்ல யாருக்கும் தெரியாத மாதிரி ஒட்டு போட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உக்காந்து போட்டேன். இப்ப நீங்க கூடுதலா விடுறீங்க. வெட்டி எறிஞ்சா ஆச்சு. எனக்கு இது எவ்வளவோ சுலபம்."

மாஸ்டருக்கு அந்த வெள்ளைக் கோட்டு நினைவு வந்தது. "டாக்டரம்மா போட்டிருக்கிற கோட்டு?"

"வலது அக்குள்ல பாருங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்பங்க சொல்றது? அப்ப சொன்னா அடிக்க வருவீங்க. இப்ப சொன்னா அழுவீங்க. நடுவுல ஒரு நாள் நல்லா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்." அவள் ஒரு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "கல்யாணமான புதுசுல உங்க கை நிஜமாவே நல்ல கை. அது எப்ப போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவர் அழுதார். அவள் தேற்றவில்லை. "எனக்கும்தான் தூக்கம் வரல. எனக்கு யாரும் மாத்திரை எழுதித் தரல" என்றாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

அடுத்த முறை டாக்டரம்மாவின் அறைக்குப் போனபோது மாஸ்டர் நாற்காலியில் உட்காரவில்லை. "தப்பா நினைக்காதீங்க, அந்தக் கோட்டை ஒரு நிமிஷம் கழட்டித் தர முடியுமா?"

பலவிதமான வேண்டுகோள்களைக் கேட்டுப் பழகிய டாக்டரம்மா கழற்றிக் கொடுத்தார். மாஸ்டர் வலது கையை உள்பக்கம் திருப்பினார். அக்குள் மடிப்பில் முக்கோணமாகச் சின்ன ஒட்டு. அதே வெள்ளை. எறும்பு வரிசை போலத் தையல். இடது பக்கமும் பார்த்தார். அங்கேயும் இருந்தது. அதை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர், உங்க வேலைதானே? நல்லா இருக்கா?"

"நல்லா தச்சிருக்காங்க டாக்டர்" என்றார். கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்க வேண்டும் என்பதற்கு அவரிடமிருந்த ஒரே நல்ல காரணம் அந்த அக்குளில் செத்துப்போயிருந்தது. அதோடு சேர்ந்து, தான் ஒரு காலத்தில் கெட்டிக்காரன் என்று நினைத்துப் பார்க்க இருந்த கடைசி இடமும்.

கடையில் அவர் கத்தரியை எடுத்து மனைவியின் மெஷின் மேல் வைத்தார். முதலாளியம்மா, "லீவு வேணும்னா எடுத்துக்கோங்க மாஸ்டர், இதென்ன?" என்றார்.

"இத்தனை நாளும் வெட்டினது அவதாம்மா. நான் கிழிச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். எனக்குப் பொத்தான் வேலை கொடுங்க."

மனைவிக்கு வந்ததே கோபம். "நான் கேட்டேனா? உங்ககிட்ட வந்து கத்தரி குடுன்னு கேட்டேனா? எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டு நீங்க பொத்தான் தைக்கப் போறீங்களா?" கேள்வி நியாயமானது. கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தாள், வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்பதுபோல.

இப்போது மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறார். எல்லோரும் இன்னும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது கேலியில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. குடிக்கவில்லை. குணமாகிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது சாக்ஸ் இன்னும் வெகுநேரம் கையில்தான் இருக்கிறது. ரேடியோ பச்சை விளக்குகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

வழுக்கும் துணி வரும் நாட்களில் மட்டும் மனைவி கூப்பிடுவாள். "இங்க வந்து பிடிங்க."

அவர் போய், துணி நகராமல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைப்பார். நடுக்கம் விரலிலிருந்து துணிக்குப் போய், துணி லேசாக அலையும்.

"அசையாதீங்க."

"நான் அசையல. கைதான் அசையுது."

அவள் கத்தரியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நிற்பாள். அலை அடங்கியதும் கொஞ்சம் வெட்டுவாள். மறுபடி நிற்பாள். அப்படி நின்ற ஒரு சமயத்தில்தான் அவர் குனிந்து பார்த்தார். அளவுக் கோட்டுக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, இன்னொரு கோடு போட்டிருந்தாள். கத்தரி அந்த வெளிக்கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது.

"கூடுதலா இருக்கே" என்றார்.

அவள் நிமிரவில்லை. கத்தரி பிடித்த கையின் முட்டிகள் வெளுத்திருந்தன.

"இருக்கட்டும்" என்றாள். "நீங்க நல்லா பிடிங்க."